ஒரே கை எடுத்த மூன்று ரத்தங்கள்

என் மருமகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், "இழுக்கிறா" என்பேன். கேட்டவர் முகம் போகிற போக்கைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். விளக்கம் அப்புறம்தான். புரதத்தைச் சாப்பிடுகிறவர்கள் உண்டு, டப்பாவில் அடைத்து விற்கிறவர்கள் உண்டு. இவள் அதை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுக்கிறவள். கண்ணுக்குத் தெரியாத ஒரு மணியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இழையை ஒட்டவைத்து, அந்த மணியை ஒளிக்கற்றையால் பிடித்து மெல்ல மெல்ல இழுப்பாள். எவ்வளவு இழுத்தால் இழை விரிகிறது, விரிந்தால் என்ன வேலை செய்கிறது, எப்போது அறுந்துபோகிறது என்று பார்ப்பாள். இதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள்.

இழுப்பதைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும் என்பது என் எண்ணம். பணி ஓய்வு பெறும்வரை பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தேன். கயிறு இழுக்கும் போட்டியில் எங்கள் பள்ளி தோற்றதே இல்லை என்று சொன்னால் அது பொய். ஒருமுறை தோற்றோம், அன்று எனக்குக் காய்ச்சல், மைதானத்துக்குப் போகவில்லை. பிள்ளைகள் எனக்கு வைத்த பட்டப்பெயர் விசில். என் காதில் விழாது என்று நினைத்துத்தான் சொல்வார்கள். விழும், பெருமையாகவும் இருக்கும்.

உடம்பு விஷயத்தில் எனக்குத் திமிர் அதிகம். ஒளித்துவைக்க அது என்ன திருட்டுப் பொருளா. ஜலதோஷம் பிடித்தவர்களைப் பார்த்தால் எனக்கு இரக்கத்துக்கு முன் எரிச்சல்தான் வரும். மூன்றாவது மாடியில் எங்கள் வீடு, லிஃப்ட் கிடையாது. மகன் வாடகைக்கு வேறு வீடு பார்க்கலாம் என்றபோது, "உன் கால் பலத்துக்குப் பார்க்கிறியா, என் கால் பலத்துக்குப் பார்க்கிறியா" என்று கேட்டேன். அவன் வானொலி நிலையத்தில் அறிவிப்பாளர். அங்கே வாய் ஓயாது. வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கச் சாவி தேட வேண்டும். அன்றும் பதில் பேசவில்லை. மாடியிலேயே இருந்துவிட்டோம்.

ஒரு நாள் காலை மருமகள் என்னிடம் வந்து, "அத்தை, கொஞ்சம் ரத்தம் வேணும்" என்றாள்.

"கேட்டுட்டுக் குடிக்கிற மருமகளை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். ஆய்வுக்கூடத்தில் நோயாளிகளின் ரத்தத்தைப் பார்க்கிறார்களாம். பக்கத்தில் வைத்து ஒப்பிட, ஒரு நோயும் இல்லாத வயதானவர்களின் ரத்தம் வேண்டுமாம். அந்த "ஒரு நோயும் இல்லாத" என்கிற சொல்லில் நான் விழுந்துவிட்டேன். வயதானவர் என்பதைக்கூட மன்னித்து, நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

ஆய்வுக்கூடம் என்றால் என்னென்னவோ கற்பனை. போய்ப் பார்த்தால் ஒரு நீண்ட மேசை, சலவை இயந்திரம் போலச் சுழலும் ஒரு பெட்டி, கதவில் "மெதுவாகச் சாத்தவும்" என்று ஒட்டிய காகிதம். கதவைப் படாரென்று சாத்தினால்கூட ஒளிக்கற்றை ஆடிவிடுமாம். அவளே என் கையில் ரத்தம் எடுத்தாள். அதற்கு முறையாகப் பயின்றவள். ஊசி போனதே தெரியவில்லை. நீல மூடி போட்ட சின்னக் குழாயில் நிரப்பி, குலுக்காமல், தூங்கும் குழந்தையைத் திருப்பிப் போடுவதுபோல் மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தினாள். அவள் கைக்கு ஆய்வுக்கூடத்தில் ஒரு பெயர் உண்டு என்று பக்கத்து மேசைக்காரர் என்னிடம் சொன்னார். மற்றவர்கள் கையில் அறுந்துபோகிற இழை இவள் கையில் அறுவதில்லையாம்.

"அப்படி என்ன இழை அது" என்று கேட்டேன்.

"ரத்தத்துல ஒரு புரதம் இருக்கு அத்தை. ரொம்ப நீளம். சும்மா இருக்கிறப்போ கம்பளி நூல்கண்டு மாதிரி சுருண்டு கிடக்கும். அப்போ அதால ஒரு உபயோகமும் இல்லை."

"உன் வீட்டுக்காரன் மாதிரி."

"எங்கேயாவது வெட்டுப்பட்டா, அந்த இடத்துல ரத்தம் வேகமா பாயும். அந்த வேகம் இதைப் பிடிச்சு இழுக்கும். இழுத்தா விரிஞ்சுக்கும். விரிஞ்சாத்தான் உள்ளே மறைஞ்சிருக்கிற ஒட்டுற இடமெல்லாம் வெளியே தெரியும். தட்டணுக்கள் வந்து அதைப் பிடிச்சுக்கும். அப்புறம் ரத்தம் நின்னுடும்."

"இழுத்தாத்தான் வேலை செய்யும்னு சொல்லு."

"ஆமா. ஆனா இழுக்கிறப்போ இன்னொரு இடமும் வெளியே வரும். அந்த இடத்துல வெட்டுறதுக்குன்னே ரத்தத்துல ஒரு கத்தரி சுத்திக்கிட்டிருக்கு. இழை அளவுக்கு மீறி நீளமா போயிடாம இருக்க அதுவும் வேணும். ஆனா காரணமே இல்லாம இழுத்துக்கிட்டே இருந்தா, அது வெட்டிக்கிட்டே இருக்கும். கடைசியில துண்டு துண்டாத்தான் மிஞ்சும். துண்டால எதையும் பிடிச்சு நிறுத்த முடியாது."

நான் தலையாட்டினேன். கயிறு நீளமாக இருந்தால்தான் எல்லோரும் பிடிக்க இடம் இருக்கும். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது. வீட்டுக்கு வந்து கீழ்வீட்டுக்காரியிடம், அறிவியலுக்கு நான் ரத்தம் சிந்திவிட்டு வந்த கதையைச் சொன்னேன்.

சில நாள் கழித்து, "என் ரத்தம் என்ன சொல்லுச்சு" என்று மருமகளைக் கேட்டேன். "அது சரியா வரலை அத்தை, என் கை தப்பு. எங்கேயோ முரட்டுத்தனமா கையாண்டுட்டேன்போல. தூக்கிப் போட்டுட்டேன்" என்றாள். என் ரத்தத்தையா என்று கொஞ்ச நேரம் கத்தினேன். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். அன்று அது பொன்குடமாகத்தான் இருந்தது எனக்கு. இன்னொரு தடவை எடுத்துக்கொள்கிறேன் என்றாள். பிறகு வேலை மும்முரத்தில் மறந்துபோனாள், நானும் மறந்துபோனேன்.

அதற்குப் பிறகுதான் எனக்குக் களைப்பு தொடங்கியது. முதலில் இரண்டாவது மாடியில் நின்று ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்க ஆரம்பித்தேன். தெருவில் பார்க்க ஒன்றுமில்லை. மூச்சு வாங்க நின்றேன் என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். பிறகு ஒரு காலை குளியலறையில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். மலம் தார்போலக் கறுப்பாகப் போயிருந்தது. மகன் என்னைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினான். அவனுக்கு அந்த வலு இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

பெரிய மருத்துவமனை. உடம்பில் ரத்தம் பாதிகூட இல்லை என்றார்கள். வேறு யாருடையதோ ரத்தத்தை ஏற்றினார்கள். குடல் டாக்டர் ஒரு பெண்மணி, தூக்கமில்லாத கண்கள், நல்ல குரல். வாய் வழியாக ஒரு குழாயும் மறுவழியாக ஒரு குழாயும் விட்டுப் பார்த்தார். குடலின் உள்சுவரில் சிலந்திக்கால்போல மெல்லிய ரத்தக்குழாய்கள் படர்ந்து கசிகின்றன என்று சொல்லி, சூடு வைத்து அடைத்தார். வயதானால் வருவதுதான் என்றார். வீட்டுக்கு வந்தேன். மறுபடி கசிந்தது. மறுபடி சூடு. மறுபடி வேறு யாருடையதோ ரத்தம்.

என்ன ஒரு அவமானம் அது. பிள்ளைகளுக்கு முன்னால் கயிறு ஏறிக் காட்டியவள், கழிப்பறைக்குப் போக ஒரு ஆயாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அழவில்லை. ஆயாதான் பாவம், என்னிடம் திட்டு வாங்கினார்.

மருமகள் அப்போதெல்லாம் தினமும் வருவாள். ரத்தம் உறையாத நோய் ஏதாவது இருக்குமோ என்று அவள் கேட்டு, மருத்துவமனையில் சோதித்தார்கள். அவளுடைய அந்த இழைப் புரதத்தையும் அளந்தார்கள். அளவு சரியாகவே இருக்கிறது என்று வந்தது. அதோடு அவளும் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தோம் என்பது பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது முறை குழாய் விடுவதற்கு முன், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் என் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார். நகர்த்தி வைத்துக் கேட்டார். "இந்த இரைச்சலைப் பத்தி யாரும் சொல்லலையா" என்றார். நெஞ்சைப் படம் பிடித்தார்கள். இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வால்வு சுண்ணாம்பு படிந்து இறுகி, வாசல் குறுகிக் கிடக்கிறது என்று தெரிந்தது. குடல் டாக்டர், ஒரு நேரத்தில் ஒரு பிரச்சினை, முதலில் குடலைக் கவனிப்போம், வால்வைப் பிறகு பார்க்கலாம் என்றார். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வீட்டுக் கூரை ஒழுகும்போது வாசல் கதவைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்.

வீட்டுக்குத் திரும்பிய அன்று மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். பேசாத மகன் அன்று பேசினான். சின்ன விஷயம்தான் சொன்னான்.

"பெரிய வாசல்ல மெதுவா போகவேண்டிய ரத்தம், சின்னச் சந்துல பீறிட்டு அடிக்குதாம். அதனாலதான் அந்த இரைச்சலாம்."

மருமகளின் கை தட்டில் அப்படியே நின்றது.

"என்ன சொன்னீங்க" என்றாள்.

அவன் மறுபடி சொன்னான். அவள் என்னைப் பார்த்தாள். என்னையா பார்த்தாள், என் நெஞ்சைத் துளைத்துக்கொண்டு பின்னாலிருந்த சுவரைப் பார்த்தாள். பிறகு கை கழுவக்கூடப் போகாமல், "அத்தை, உங்க ரத்தத்தை நான் தூக்கிப் போட்டேனே, ஞாபகம் இருக்கா" என்றாள்.

"அதை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்."

"அதுல நீளமான இழையெல்லாம் இல்லவே இல்லை. எல்லாம் துண்டு. நான் கையாண்டதுல அறுந்துபோச்சுன்னு நினைச்சேன். என் கை அறுக்கலை. உங்க வால்வு அறுத்திருக்கு. ஒவ்வொரு துடிப்புக்கும் அந்தச் சந்துல இழுத்து, விரிச்சு, கத்தரிக்குக் கொடுத்துக்கிட்டிருக்கு. அதான் குடல்ல கசியறது நிக்கவே இல்லை. மருத்துவமனையில எவ்வளவு இருக்குன்னு அளந்தாங்க, எவ்வளவு நீளம்னு பார்க்கலை. நானும் கேக்கலை. அதையே பார்க்கிறதுதான் என் தொழில், நான் கேக்கலை."

மகன் அவள் தோளில் கை வைத்தான். அவள் அந்தக் கையை எடுத்துவிட்டு எழுந்தாள். அவளுக்கு ஆறுதல் தேவைப்படவில்லை, குழாயும் ஊசியும் தேவைப்பட்டன.

மறுநாள் எங்கள் இருவரையும் ஆய்வுக்கூடத்தில் வரிசையாக உட்கார வைத்தாள். என் கையில் ரத்தம் எடுத்தாள். மகன் கையில் எடுத்தாள். கடைசியாகத் தன் முழங்கையை மேசையில் ஊன்றி, பட்டையைப் பல்லால் இறுக்கி, தன் ரத்தத்தைத் தானே எடுத்துக்கொண்டாள். ஏன் இந்தக் கூத்து என்று கேட்டேன்.

"என் கை தப்பா இருந்தா மூணும் அறுந்திருக்கும். உங்க இதயம் தப்பா இருந்தா உங்களோடது மட்டும் அறுந்திருக்கும்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவள் நன்றாக ஆடிவிட்டுத் தன் காலைக் கோணல் என்றவள். இப்போது காலா கூடமா என்று கண்டுபிடிக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அவள் செய்கிற வேலையை இனி இழுக்கிறாள் என்று கேலியாகச் சொல்லக் கூடாது என்றும் அப்போதே தோன்றியது. ஆனால் பழக்கம் விடவில்லை. இன்றும் அப்படித்தான் சொல்கிறேன், தொனிதான் வேறு.

படம் வந்தது. ரத்தத்திலிருந்த இழைகளை கெட்டியான களி போன்ற ஒரு பலகைக்குள் ஓடவிடுவார்களாம். துண்டுகள் சந்துபொந்தில் புகுந்து கீழே ஓடிவிடும். நீளமானவை மேலேயே திணறி நிற்கும். படத்தில் ஆளுக்கு ஒரு பத்தி. மகனுடைய பத்தியில் மேலிருந்து கீழ்வரை கறுப்பு. மருமகள் பத்தியும் அப்படியே. என் பத்தியில் கீழே மட்டும் கறுப்பு. மேலே வெள்ளையாக, துடைத்துவிட்டதுபோல் காலி. நோயைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

ஆனால் படம் இருந்தால் போதுமா? இதய டாக்டர் ஒத்துக்கொள்ள வேண்டும். உயரமான மனிதர், பேனாவை டக்கு டக்கென்று அமுக்கிக்கொண்டே இருப்பார். குடல் டாக்டரும் வந்து உட்கார்ந்தார். நான், மகன், மருமகள் எதிரே.

"நெஞ்சைத் திறக்க வேண்டாம், தொடை வழியாவே புது வால்வைக் கொண்டுபோயிடலாம்" என்றார் இதய டாக்டர். "சிக்கல் அது இல்லை. வெச்சதுக்கப்புறம் ரத்தம் கட்டாம இருக்க மருந்து கொடுக்கணும். ஏற்கெனவே ரத்தம் நிக்காத ஒருத்தருக்கு அதைக் கொடுத்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். குடல்ல கசிவு நின்னு ஒரு நல்ல இடைவெளி ஆகட்டும்."

"நிக்காது டாக்டர்" என்றாள் மருமகள். "வால்வு மாறாம அது நிக்காது."

படத்தை மேசையில் வைத்தாள். அவர் பார்த்தார். பேனா ஒருமுறை டக்கென்றது.

"இந்த நீளமான இழைகள் ரொம்ப மென்மையானது. எடுக்கிறப்போ, சுத்துறப்போ, கொண்டுபோறப்போ எப்ப வேணும்னாலும் அறுந்துபோகும். கையாண்ட விதத்துல வந்த கோளாறா இருக்கலாம் இல்லையா?"

அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட அதே வாதம். அந்த வாதம் ஜெயித்தால் நான் இன்னும் எத்தனை பேர் ரத்தத்தைக் குடித்துக்கொண்டு படுத்துக்கிடக்க வேண்டுமோ தெரியாது.

"நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றாள் மருமகள். "அதனாலதான் பக்கத்துல இன்னும் ரெண்டு பத்தி இருக்கு. ஒண்ணு இவரோடது, ஒண்ணு என்னோடது. ஒரே நாள், ஒரே மாதிரி ஊசி, ஒரே மாதிரி குழாய், ஒரே கை. கைதான் அறுத்துச்சுன்னா எங்க ரெண்டு பேரோடதை ஏன் விட்டு வெச்சுது?"

பேனா நின்றது.

"அது மட்டும் இல்லை. இதே படம் முன்னாடியே ஒரு தடவை வந்துச்சு. முதல் தடவை ரத்தம் போறதுக்கும் முன்னாடி. அப்போ நான் அதை ஒதுக்கிட்டேன்."

"உங்ககிட்ட முன்னாடியே இருந்துச்சா?" என்று குடல் டாக்டர் கேட்டார். குற்றம் சொல்கிற குரல் இல்லை.

"இருந்துச்சு. குப்பையில போட்டேன். அன்னிக்கே யோசிச்சிருந்தா இவங்களுக்கு இவ்வளவு நாள் இந்தப் பாடு இல்லை."

சொல்லாமல் விட்டிருக்கலாம். யார் கேட்டார்கள்? மூன்று பத்தியே போதும் என்று எனக்கே தெரிந்தது. ஆனால் முதல் படத்தையும் சொன்னால்தான் இது ஒரு நாள் கோளாறு இல்லை என்று உறுதிப்படும். அதைச் சொன்னால் தன் தலை உருளும். இரண்டையும் எடைபோட்டுப் பார்க்கிற மாதிரிகூடத் தெரியவில்லை. நேராக அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். என் மகன் தரையைப் பார்த்தான். நான் அவளைப் பார்த்தேன். இப்படி ஒருத்தி என் வீட்டில், என் அடுக்களையில், நான் கத்துவதையெல்லாம் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாளே என்று நெஞ்சு நிமிர்ந்தது. அந்தச் சுண்ணாம்பு வால்வும் சேர்ந்துதான் நிமிர்ந்திருக்கும்.

இதய டாக்டர் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"செய்யலாம். ஆனா ஆபத்து இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். முடிவு உங்களோடது."

நான் அவரிடம் பேசவில்லை. மருமகளிடம் கேட்டேன். "மாத்தினா என் இழை திரும்ப வளருமா?"

"வளரும்னு நினைக்கிறேன் அத்தை. உடம்பு புதுசு புதுசா செஞ்சுக்கிட்டேதான் இருக்கு. அறுக்கிறது நின்னா நீளமாவே இருக்கும். ஆனா உங்க உடம்புல நடக்கும்னு சத்தியம் பண்ண முடியாது."

"நினைக்கிறேன்னு சொல்றவளை நம்புறதா?"

"ஒரு தடவை நினைக்காம விட்டுட்டேன். இந்தத் தடவை நல்லா நினைச்சுட்டுச் சொல்றேன்."

பேனாவை இதய டாக்டர் கையிலிருந்தே வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். வேறு யாராவது சத்தியம் பண்ணியிருந்தால் போட்டிருக்க மாட்டேன்.

தொடை வழியாகத்தான் போனார்கள். நான் அரைத் தூக்கத்தில் இருந்தேன். யாரோ தூரத்தில் நன்றாகப் பொருந்திவிட்டது என்று சொன்னது கேட்டது. மறுநாள் காலை மருமகள் நீல மூடிக் குழாயோடு என் கட்டிலருகில் நின்றாள். பக்கத்துக் கட்டில்காரம்மா, "பொண்ணா" என்று கேட்டார். "மருமக. ரத்தம் குடிக்க வந்திருக்கா" என்றேன். அவர் இந்தக் குடும்பத்தோடு வைத்துக்கொள்ளக் கூடாது என்று முடிவு செய்தவர்போல் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்தப் படத்தை அவள் கைபேசியில் கொண்டுவந்து காட்டினாள். என் பத்தி மேலிருந்து கீழ்வரை கறுப்பு. கன்னங்கரேலென்று, வழித்து ஊற்றியதுபோல். என் வாழ்க்கையில் கோப்பைகளைத் தூக்கிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்; அவையெல்லாம் சேர்ந்தும் அந்தக் கறுப்புக் கோட்டுக்கு ஈடாகாது. "பெரிசு பண்ணிக் காட்டு" என்றேன். காட்டினாள். "இன்னும்" என்றேன். அவள் அழுதுகொண்டிருந்தாள் என்பதைப் படத்தைப் பார்த்து முடித்த பிறகுதான் கவனித்தேன்.

ரத்தம் அதன் பிறகு போகவில்லை. குடல் டாக்டர் ஒவ்வொரு முறையும் சந்தேகத்தோடு சோதித்து, ஒவ்வொரு முறையும் சிரித்து அனுப்பினார். இரண்டாவது மாடி ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்கும் வேலையை நான் விட்டுவிட்டேன்.

மருமகள் இதைப் பற்றி எல்லோர் முன்னாலும் பேச வேண்டும் என்று ஆய்வுக்கூடத் தலைவர் சொல்லிவிட்டார். வேறு ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். அந்தப் பெரிய மண்டபத்தில் நானும் மகனும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். பாதிக்கு மேல் எனக்குப் புரியாத பேச்சு. ஆனால் முதல் படமாக அவள் எதைப் போட்டாள் என்று எனக்குப் புரிந்தது. ஜெயித்த படம் இல்லை. குப்பையில் போட்ட முதல் படம். கணினியில் அதன் பிரதி ஒன்று மிச்சமிருந்திருக்கிறது. அதைத் திரையில் ஆள் உயரத்துக்குப் போட்டு, "இதுதான் நான் பண்ண தப்பு" என்று தொடங்கினாள்.

பேசி முடித்ததும் கை தட்டினார்கள். பிறகு கேள்விகள். முன்வரிசையில் ஒரு தாடிக்காரர் எழுந்தார்.

"முதல் படம் இவ்வளவு தெளிவா இருக்கு. பக்கத்துலயே மத்தவங்களோட ரத்தமும் சரியாத்தான் இருக்கு. உங்க கையைப் பத்தி நாங்க எல்லாரும் கேள்விப்பட்டிருக்கோம். அப்படியும் கையைத்தானே சந்தேகப்பட்டீங்க. ஏன்?"

இந்தக் கேள்வியை நான்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். என் ரத்தத்தைத் தூக்கிப்போட்டாள் என்று கத்தினேனே தவிர, ஏன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

மேடையில் அவள் தண்ணீர்க் குவளையைத் தொட்டாள், குடிக்கவில்லை.

"அது எங்க அத்தையோட ரத்தம்" என்றாள். "எனக்குத் தெரிஞ்சவங்கள்ல அவங்களை மாதிரி உறுதியான ஆள் யாருமே கிடையாது. மூணு மாடி ஏறி வந்து, எங்களுக்கு மூச்சு வாங்குறதைப் பார்த்துச் சிரிப்பாங்க. ஒண்ணு என் கை தப்பு, இல்லைன்னா அவங்க உடம்பு தப்பு. ரெண்டுல ஒண்ணுன்னு வந்தப்போ நான் யோசிக்கவே இல்லை. என் கையைத்தான் சந்தேகப்பட்டேன்."

மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். நல்ல சிரிப்புதான், பாசமான சிரிப்பு. வருஷக்கணக்காக நான் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டு திரிந்ததை ஒருத்தி அப்படியே நம்பியிருக்கிறாள். தன் கையைவிட அதிகமாக நம்பியிருக்கிறாள். அந்த நம்பிக்கையில்தான் நான் சாகப் பார்த்தேன் என்பது வேறு விஷயம். இப்படிப்பட்ட பாராட்டு இதுவரை எனக்குக் கிடைத்ததில்லை.

மகன் என் புடவை முந்தியைப் பிடித்து இழுத்தான்; நான் எழப்போகிறேன் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. எழுந்தேன். ஒலிபெருக்கி யாரும் தரவில்லை. எனக்குத் தேவையும் இல்லை.

"அந்த அத்தை நான்தான்" என்றேன்.

எல்லாத் தலைகளும் திரும்பின. மேடையிலிருந்து மருமகள் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டாள்.

"உடம்பைப் பத்தி ரொம்பப் பெருமை பேசுறவ நான். இன்னிக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன். தப்பு என் உடம்புலதான் இருந்துச்சு. அவ கை அன்னிக்கும் சரியாத்தான் இருந்துச்சு. எழுதிக்கிறவங்க எழுதிக்கலாம்."

தாடிக்காரர் உண்மையாகவே எழுதிக்கொண்டார். நான் உட்கார்ந்தேன்.